வெள்ளிமலையில் பார்த்த புழு... வீட்டுக் கறிவேப்பிலையில் பறந்த பட்டாம்பூச்சி!

“சித்தி, இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா?”

வெள்ளிமலையில் ஒரு டீக்கடையை ஒட்டி நின்ற எலுமிச்சை மரத்தடியில் அக்கா மகன் இப்படிக் கேட்டபோது, எதைக் கேட்கிறான் என்றே எனக்குப் புரியவில்லை. இலையின் மேல் காக்கா எச்சம் போல ஏதோ ஒட்டியிருந்தது. கறுப்பும் பழுப்புமாக, நடுவில் கொஞ்சம் வெள்ளை. “ச்சீ, கையை எடுடா” என்றேன். அந்த எச்சம் மெல்ல நகர்ந்தது!

காலாண்டு விடுமுறைக்கு வந்த பயணம் இது. அருவி, படகு சவாரி, வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலை என்று பத்துப் படங்களோடு ஒரு சுற்றுலாக் கட்டுரை எழுதுவதாக அலுவலகத்தில் சொல்லிவிட்டு, விழுப்புரத்தில் இருக்கும் அக்காவின் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன். பெரியவளுக்கு 11 வயது, சின்னவனுக்கு 7. அருவியைப் பற்றி எழுதப் போனவள், கடைசியில் புழுவைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். காரணம், மேலே கேட்ட அந்தக் கேள்விதான்.

கோமுகி அணை தாண்டினால் மலை!

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகப் போனால் முதலில் கோமுகி அணை. அதைத் தாண்டியதும் கல்வராயன் மலை ஏற்றம் தொடங்குகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன், சுமார் 2,000 முதல் 3,000 அடி உயரம் கொண்டது. ஊட்டி, கொடைக்கானல் போல ஸ்வெட்டர் போடவைக்கும் குளிர் கிடையாது. ஆனால் ஒவ்வொரு வளைவுக்கும் காற்று கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதை ஜன்னலோரம் உட்கார்ந்தால் உணரலாம்.

2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. அந்த மாவட்டத்தின் மலை வட்டத்துக்குத் தலைமையிடம்தான் வெள்ளிமலை. ‘மலையாளி’ என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள்தான் இங்கே அதிகம். கேரளாவோடு முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். இவர்கள் பேசுவது தமிழ். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்கிறார்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது, இவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் கதை. மரவள்ளி, சாமை, நெல் என்று சாலையின் இரு பக்கமும் பச்சை.

பெரியார் அருவி சாலையோரமே இருக்கிறது. பிள்ளைகள் ஆசை தீர நனைந்தார்கள். மேகம் அருவிக்கு நடந்து இறங்க வேண்டும். பாறை வழுக்கும் காலத்தில் ஏழு வயதுக்காரனோடு வேண்டாம் என்று விட்டுவிட்டோம். கரியாலூரில் படகு சவாரி முடிந்தது. கட்டுரைக்குத் தேவையான படங்கள் எல்லாம் மதியத்துக்குள் கிடைத்துவிட்டன.

திரும்பும் வழியில், சாலையோரச் சேற்றில் பத்து இருபது பட்டாம்பூச்சிகள் சிறகை மூடித் திறந்தபடி கூட்டமாக உட்கார்ந்திருந்தன. “தண்ணி குடிக்குதா சித்தி?” என்றாள் பெரியவள். தண்ணீரோடு சேர்த்து ஈர மண்ணில் இருக்கும் உப்பையும் தாதுக்களையும் உறிஞ்சுகின்றன. இப்படிக் கூடுபவை பெரும்பாலும் ஆண் பட்டாம்பூச்சிகள்.

இந்த மலைக்கும் பட்டாம்பூச்சிக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. ஏற்காடு, கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் என இந்தப் பக்கத்து மலைகளிலிருந்து நீல வரியன் போன்ற பட்டாம்பூச்சிகள், வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்கு முன்பு கூட்டம் கூட்டமாக மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கிப் பறக்கின்றன. தென்மேற்குப் பருவமழையை ஒட்டி, மேற்கேயிருந்து கிழக்கே இன்னொரு பயணம். இரண்டு கிராம் கூட எடை இல்லாத உயிர், மாவட்டம் விட்டு மாவட்டம் போகிறது. நாம்தான் ஒரு மலை ஏறுவதற்குள் இரண்டு முறை டீ குடிக்கிறோம்!

“அது வேற இலையைத் தொடாது கண்ணு!”

அப்படி டீ குடிக்க நிறுத்திய இடத்தில்தான் அந்த எலுமிச்சை மரம்.

சின்னவன் குச்சியால் லேசாகத் தொட்டதும் புழுவின் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பு ஒன்று சட்டென்று வெளியே வந்தது. கூடவே ஒரு நெடி. அவன் அலறிக்கொண்டு என் பின்னால் ஒளிந்தான். டீக்கடை அம்மா சிரித்தார்.

“பயப்படாத கண்ணு, அது கடிக்காது. பட்டாம்பூச்சிப் புழுதான். நீ தொட்டா அது உன்னைப் பயமுறுத்துது, அவ்வளவுதான்.”

கேள்வி அப்போதுதான் வந்தது. எடுத்துட்டுப் போலாமா? காலி தண்ணீர் பாட்டிலை அவன் ஏற்கெனவே கையில் எடுத்துவிட்டான்.

“கொண்டுபோயி என்ன பண்ணுவ? அது தின்ன இலையை விட்டா வேற இலையைத் தொடாது. பாட்டில்லயே செத்துப் போயிரும். உங்க வீட்ல கறிவேப்பிலைச் செடி இருக்கா?”

“இருக்கு. மொட்டை மாடியில.”

“அப்ப அதுலயே தேடு. இதுதான் அதுலயும் இருக்கும்.”

“இது உங்க மரத்தை அழிச்சிடாதாம்மா?” என்று நான் கேட்டேன்.

“மரம் பெருசு, தின்னுட்டுப் போவட்டும். நாத்தா இருந்தா விடமாட்டேன், நசுக்கிப் போட்டுருவேன்” என்றார் ஒளிவுமறைவு இல்லாமல். எலுமிச்சை நாற்று வைத்தவர்களுக்கு இந்தப் புழு எதிரி என்பதையும் பிள்ளைகள் அங்கேயே கேட்டுக்கொண்டது நல்லதாகப் போயிற்று.

பாட்டில் காலியாகவே கீழே இறங்கியது. காப்புக் காட்டிலிருந்து ஓர் இலையைக்கூட எடுத்துவர அனுமதி கிடையாது என்பதை வழியில் அவனுக்குச் சொன்னேன். அவன் காதில் விழவில்லை. “கறிவேப்பிலையில் இருக்குமா?” என்பதையே விழுப்புரம் வரை கேட்டுக்கொண்டு வந்தான்.

மொட்டை மாடியில் 7 பேர்!

இருந்தன. மறுநாள் காலை தொட்டிச் செடியில் இலை இலையாகத் திருப்பிப் பார்த்ததில், கடுகை விடச் சிறியதாக, வெளிர் மஞ்சள் நிறத்தில் இரண்டு முட்டைகளும், பல அளவுகளில் ஏழு புழுக்களும் அகப்பட்டன. அக்கா தினமும் தாளிக்கக் கிள்ளும் அதே செடி! “ஐயையோ, இத்தனை நாள் எதைப் போட்டு ரசம் வெச்சேனோ” என்று அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை ஆகியவற்றில் முட்டையிடுபவை முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, மஞ்சளும் கறுப்புமாகக் கட்டம் போட்ட எலுமிச்சை அழகி. மற்றொன்று, கறுப்புச் சிறகில் வெள்ளைப் புள்ளி வரிசை கொண்ட கறிவேப்பிலை அழகி. சிறிய வயதில் இரண்டின் புழுக்களும் பறவை எச்சம் போலவே இருக்கும். எச்சத்தை எந்தப் பறவை தின்னும்? அதுதான் தந்திரம். நான்கு முறை தோலுரித்த பிறகு, இலையோடு இலையாகப் பச்சை நிறத்துக்கு மாறிவிடும்.

ஏழையும் ஓர் அகலமான பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, மேலே கொசுவலைத் துணி கட்டினோம். அடியில் பழைய செய்தித்தாள். என் விடுமுறை முடிய இன்னும் சில நாள் இருந்ததால் நானும் அங்கேயே தங்கிவிட்டேன்.

பெரிய புழு ஒரு நாளைக்கு எவ்வளவு தின்னும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஐந்தாம் நாள் தொட்டிச் செடி மொட்டை. மாலையில் நான் மார்க்கெட் போய் ஒரு கொத்து கறிவேப்பிலை வாங்கி வந்தேன். நன்றாகக் கழுவி, துடைத்து, டப்பாவில் போட்டேன். பிள்ளைகள் சந்தோஷமாகத் தூங்கப் போனார்கள்.

காலையில் மூன்று புழுக்கள் செத்துக் கிடந்தன. துவண்டு, வாயோரம் பச்சைத் தண்ணீராக.

“நீதான சித்தி அந்த இலையைக் குடுத்த?” என்றான் சின்னவன். அழவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. மருந்தடித்த இலையாக இருந்திருக்க வேண்டும். கழுவினாலும் போகாத, இலைக்குள்ளேயே ஊறிவிடும் மருந்துகள் உண்டு என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. இதைப் பற்றி ஒரு செய்திகூட எழுதியிருக்கிறேன். ஆனாலும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. “ஆமாண்டா, நான்தான். தப்பு என்னுதுதான்” என்றேன். செம்பருத்தித் தொட்டியில் மூன்றையும் புதைத்தோம்.

பெரியவள் மட்டும் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுக் கேட்டாள், “சித்தி, அப்போ நாம சாம்பார்ல போடுற இலை?”

அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்று முதல் எதிர் வீட்டுப் பாட்டியின் தோட்டத்துக் கறிவேப்பிலை மரம்தான் புழுக்களுக்கும் எங்களுக்கும். “புழுவுக்கா கேக்குறீங்க?” என்று முதலில் முகம் சுளித்த பாட்டி, இரண்டு நாளில் தானே இலை ஒடித்துக்கொண்டு வந்து டப்பாவை எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

13 வயதில் புழு வளர்த்த பெண்

இந்த விளையாட்டு புதிதல்ல. 1660-ல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில் மரியா சிபில்லா மெரியான் என்ற 13 வயதுச் சிறுமி பட்டுப்புழுக்களை வளர்த்து, அவை மாறுவதைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். பூச்சிகள் சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் தானாகத் தோன்றுகின்றன என்று பலரும் நம்பிய காலம் அது. முட்டை, புழு, கூடு, பூச்சி என்ற வரிசையை, அந்தப் புழு தின்னும் செடியோடு சேர்த்து ஒரே படத்தில் காட்டியவர் அவர். பின்னாளில் தென் அமெரிக்காவின் சுரிநாம் வரை கப்பலேறிப் போய் ஆய்வு செய்து, 1705-ல் அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார்.

செடியோடு சேர்த்துப் பார்ப்பது. வெள்ளிமலை டீக்கடை அம்மா சொன்னதும் அதைத்தானே? எலுமிச்சை அழகிக்கு எலுமிச்சைக் குடும்பம். வெந்தய வரியனுக்கு எருக்கு. ரோஜா அழகிக்கு ஆடுதின்னாப்பாளை. 2019-ல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனுக்கு மரவெட்டி மரம். பூ இருந்தால் பட்டாம்பூச்சி வரும். ஆனால் அதற்குரிய இலை இருந்தால்தான் அங்கே குடும்பம் நடத்தும். பூச்சியின் பெயரைக் கற்கப் போன பிள்ளைகள், தெருவில் இருக்கும் செடிகளின் பெயரையும் கற்றுக்கொண்டார்கள்.

நீங்களும் வளர்க்கலாம்... இதையெல்லாம் கவனியுங்கள்!

1. கறிவேப்பிலை அல்லது எலுமிச்சையில் தொடங்குங்கள். எருக்கு, அரளியிலும் புழுக்கள் கிடைக்கும். ஆனால் எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, அரளி விஷம். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம்.

2. உடம்பெல்லாம் முடியுள்ள கம்பளிப்புழுவைத் தொட வேண்டாம். அரிப்பும் தடிப்பும் வரும்.

3. மூன்று நான்கு புழு போதும். எங்களைப் போல ஏழு எடுத்தால் இலைக்கு அலைய வேண்டியிருக்கும்.

4. எந்தச் செடியில் எடுத்தீர்களோ அந்தச் செடியின் இலைதான் உணவு. மருந்தடிக்காத இலை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் கொடுங்கள். ஈரம் இருக்கக் கூடாது. தண்ணீர் தனியாக வைக்கத் தேவையில்லை, இலையிலேயே கிடைத்துவிடும்.

5. தினமும் செய்தித்தாளை மாற்றி எச்சத்தை அகற்றுங்கள். புழுவைக் கையால் பிடித்து இழுக்காதீர்கள். இலையோடு சேர்த்து மாற்றி வையுங்கள். அசையாமல் இருந்தால் தோலுரிக்கப்போகிறது என்று அர்த்தம்.

6. டப்பாவுக்குள் சாய்வாக ஒரு குச்சி வையுங்கள். தீனியை நிறுத்திவிட்டு அங்குமிங்கும் அலையும் புழு, அந்தக் குச்சியில் ஏறி, இடுப்பில் ஒரு நூல் கட்டிச் சாய்ந்து கூடாகும். பச்சைக் குச்சியில் பச்சையாகவும் காய்ந்த குச்சியில் பழுப்பாகவும் கூடு அமையலாம். சுமார் பத்து நாள் பொறுமையாக இருக்க வேண்டும்.

7. வெளியே வரும்போது உதவி செய்யாதீர்கள். சுருங்கிய சிறகு விரியத் தொங்குவதற்கு இடம் வேண்டும். அப்போது சொட்டும் சிவந்த திரவம் ரத்தம் அல்ல, கழிவுதான். சிறகு காய்ந்ததும் அன்றே, வெயில் இருக்கும்போது, முட்டை கிடைத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

தீபாவளி முடிந்த வாரம்...

நான் அலுவலகம் திரும்பிய பிறகு எல்லாமே வீடியோ காலில்தான். மீதமிருந்த நான்கும் கூடாகிவிட்டன. அதில் ஒரு கூடு மட்டும் கறுத்துப்போய், உள்ளேயிருந்து ஒரு வெள்ளைப் புழு வெளியே விழுந்தது. ஒருவகை ஈ. பட்டாம்பூச்சிப் புழுவின் மேல் முட்டையிட்டு, உள்ளேயிருந்தே தின்று வளரும். இயற்கையில் இப்படித்தான், இடப்படும் முட்டைகளில் மிகச் சிலவே சிறகு விரிக்கும். “அந்த ஈயைக் கொல்லணும்” என்றான் சின்னவன். “அதுக்கும் பசிக்கும்ல?” என்றாள் அக்காக்காரி. சண்டை முடிவதற்குள் நெட்வொர்க் போய்விட்டது.

தீபாவளி முடிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு போன். திரை முழுக்கச் சின்னவனின் மூக்கு. பின்னால் அக்கா, மாமா, எதிர் வீட்டுப் பாட்டி எல்லோரும். குச்சியில் ஈரமும் சுருக்கமுமாக ஒரு எலுமிச்சை அழகி தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்தில் சிறகு நேராகிவிட்டது. மறுநாள் இன்னொன்று. மூன்றாவதாக வந்ததுதான் எல்லோரையும் ஏமாற்றியது: மஞ்சள் இல்லை, கறுப்புச் சிறகில் வெள்ளைப் புள்ளிகள். அத்தனை நாளும் எலுமிச்சை அழகி என்று நாங்கள் வளர்த்தது, கறிவேப்பிலை அழகி!

ஏழில் மூன்று. பெரியவள் நோட்டில் அதை எழுதி வைத்திருக்கிறாள். ‘இறந்தது 3. காரணம்: கடை இலை’ என்ற வரியும் அதில் இருக்கிறது. அழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“சித்தி, அது வெள்ளிமலைக்குப் போயிருக்குமா?” என்று சின்னவன் கேட்டான்.

“நீதானே பார்த்த, எந்தப் பக்கம் போச்சு?”

“பாட்டி வீட்டு மரத்துப் பக்கம்.”

“அப்போ அங்கதான் இருக்கும்.”

அக்கா இப்போது தாளிப்பதற்கு முன் ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பார்க்கிறாள். முட்டை இருந்தால் அந்தக் கொத்தை விட்டுவிட்டு அடுத்ததைக் கிள்ளுகிறாள். ரசம் கொஞ்சம் தாமதமாகிறது. யாரும் குறை சொல்வதில்லை.

வெள்ளிமலைக்குப் போக...

உளுந்தூர்பேட்டை - சேலம் நெடுஞ்சாலையில் இருக்கிறது கள்ளக்குறிச்சி. அங்கிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் பேருந்து உண்டு. ரயிலில் வருபவர்கள் சின்னசேலத்தில் இறங்கலாம். மழைக்குப் பிந்தைய மாதங்களில் அருவிகளில் தண்ணீர் இருக்கும். பட்டாம்பூச்சிகளும் கண்ணில் படும். மலையிலிருந்து புழு, முட்டை, செடி எதையும் எடுத்து வர வேண்டாம். படம் எடுத்தால் போதும். வீட்டில் செடி வைக்க வழியில்லாதவர்கள், ஸ்ரீரங்கம் அருகே காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே 2015-ல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகலாம். எந்தச் செடிக்கு எந்தப் பட்டாம்பூச்சி வருகிறது என்பதை அங்கே நேரிலேயே காட்டலாம்.